வழியில் கலக்கும் பொடி மருந்து: போத்தலில் வரும் கோளாறுகளும் அவற்றை நீக்கும் வழியும்

பொடியாகத் தரும் மருந்தை வீட்டில் கலப்பதில் பெரிய சிரமம் இல்லை. தம்ளர் இருக்கும், கரண்டி இருக்கும், கொதித்தாறிய நீர் இருக்கும். வெளிக்கிட்ட பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. முல்லைத்தீவிலிருந்து ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியா கிளினிக்குக்குப் போகிறவர் விடியமுன் பஸ் ஏறுகிறார். அவருடைய காலை வேளை மருந்துக்கு பஸ்ஸுக்குள்தான் நேரம் வருகிறது. சூடடிக்கப் போனவர் மத்தியான மருந்தை வரம்பில் நின்றபடி குடிக்கிறார். வைகாசி வெயிலில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு வயிற்றாலை போகத் தொடங்கினால் ஜீவனியை (வயிற்றோட்டத்தில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் பொடி) அங்கேயே கரைக்க வேண்டியிருக்கிறது.

பார்மசிக் கவுண்டரில் நிற்கும் என்னிடம் வருகிற முறைப்பாடுகள் மருந்தைப் பற்றியவையாகவே இருக்கும். "பிள்ளை, உந்தப் பொடி கரையுதில்லை." "தங்கச்சி, சரியா உப்புக் கரிக்குது, வேற கொம்பனி இல்லையே?" எதில் கலந்தீர்கள், எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டு போனால் பல வேளை மருந்தில் குறை இராது. கலந்த போத்தலில்தான் இருக்கும். ஆகவே முறைப்பாடு ஒவ்வொன்றாக எடுத்து, காரணத்தையும் அதற்கு ஏற்ற ஏதனத்தையும் எழுதுகிறேன். உங்களுடைய கோளாறு எதுவோ அந்தப் பகுதிக்கே நேராகப் போகலாம்.

அதற்கு முன் எல்லோருக்கும் பொதுவான ஒன்று. பைக்கற்றிலோ உள்ளே இருக்கும் தாளிலோ மூன்று விடயங்களைத் தேடுங்கள்: எவ்வளவு தண்ணீர், தண்ணீர் தவிர வேறு எதிலாவது கலக்கலாமா, கலந்த பின் எவ்வளவு நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். இந்த மூன்றும் தெரியாமல் போத்தல் வாங்குவது காலின் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போன்றது. தாள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ மட்டும் இருந்தால் மருந்து தருகிறவரிடம் கேட்டு, பைக்கற்றின் வெளியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். சொல்வது எங்கள் வேலை.

பொடி கட்டிபடுகிறது, எவ்வளவு குலுக்கியும் கரையவில்லை

முதலில் கலந்த ஒழுங்கைப் பாருங்கள். போத்தலுக்குள் பொடியைக் கொட்டிவிட்டு மேலால் தண்ணீர் விட்டால், அடி மூலையில் இருக்கும் பொடி வெளிப்பக்கம் மட்டும் நனைந்து தோல் கட்டிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் போகாது. தண்ணீரில் பாதியை முதலில் விட்டு, பொடியைத் தூவி, மூடிக் குலுக்கி, பிறகு மிச்சத் தண்ணீரை விடுங்கள். அநேகமான பொடிகளுக்கு இது ஒன்றே போதும்.

அடுத்தது இடம். 150 மில்லி கலக்க 150 மில்லி போத்தல் போதாது. நிரம்பிய போத்தலைக் குலுக்கினால் உள்ளே ஒன்றும் அசையாது. மேலே மூன்றில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்க வேண்டும். 150 மில்லிக்கு 250 மில்லிப் போத்தலும், 250 மில்லிக்கு 400 மில்லிப் போத்தலும் பொருத்தம்.

மூன்றாவது உள் வடிவம். அடி வளைவாகவும் சுவர் வழவழப்பாகவும் இருப்பதை எடுங்கள். பிடிக்க வசதியாக இடுப்பில் வரி வரியாகப் பள்ளம் வைத்த போத்தல்கள் வெளியிலிருந்து பார்க்க அழகு. உள்ளே அந்த ஒவ்வொரு பள்ளத்திலும் பொடி ஒட்டும். ஜிம்முக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் ஷேக்கர்களில் கம்பிப் பந்து ஒன்று வரும். கட்டியை உடைக்க அது நல்லதுதான். ஆனால் கம்பிச் சுருளுக்குள் மருந்து தங்கும், கழுவுவது கடினம், மலிவானவை துருப்பிடிக்கும். பந்துக்குப் பதிலாக மூடிக்குக் கீழே பிளாஸ்டிக் வலைத்தட்டு உள்ளதை நான் விரும்புவேன்.

இவ்வளவும் செய்தும் கரையவில்லை என்றால், அது கரையாத மருந்தாக இருக்கலாம். மலச்சிக்கலுக்குத் தரும் மக்ரோகோல் பொடி முழுக்கக் கரைந்து தெளிவாகிவிடும். கொலஸ்ட்ரோலுக்கும் பித்த உப்பால் வரும் வயிற்றோட்டத்துக்கும் தரும் கொலஸ்டிரமின், சிறுநீரக நோயாளருக்கு இரத்தத்தில் பொற்றாசியத்தைக் குறைக்கத் தரும் பொலிஸ்டைரீன் சல்போனேட் ஆகியவை ஒருபோதும் கரையா. மணல் போலத் தண்ணீரில் மிதந்து, நின்றால் அடியில் படியும். அவற்றைக் கரைக்க முயலாமல், கலக்கியவுடன் குடித்துவிட வேண்டும். தண்ணீரில்லாமல் பொடியாக வாயில் போடவே கூடாது.

குடித்து முடித்தாலும் அடியில் மருந்து நிற்கிறது

இதைச் சின்ன விடயமாக எடுக்காதீர்கள். அடியில் நிற்பது உங்கள் மருந்தின் ஒரு பங்கு. அது தினமும் கழுவுதண்ணியோடு வெளியே போனால், டொக்டர் எழுதிய அளவு உங்கள் உடலுக்குள் போகவே இல்லை. அடுத்த இரத்தப் பரிசோதனையில் எண் குறையாவிட்டால் அவர் மருந்தைக் கூட்டி எழுதுவார்.

கரையாத பொடியை ஸ்ட்ரோ வைத்த போத்தலிலோ, சின்னத் துளை வைத்து உறிஞ்சும் மூடியிலோ கலக்க வேண்டாம். தண்ணீர் மேலே வரும், மருந்து அடியிலும் குழாய்க்குள்ளும் நிற்கும். வாய் அகலமான, உள்ளே கண்ணுக்குத் தெரியும் ஏதனம் வேண்டும். இந்தக் காரணத்துக்காகத்தான் ஸ்டீல் போத்தலைவிட ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கை இங்கே முன்னுக்கு வைக்கிறேன். ஸ்டீலுக்குள் மிச்சம் நிற்பது தெரியாது. குடித்த பிறகு கொஞ்சத் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடியுங்கள். அப்போதுதான் வேளை முடிந்தது.

சிறுநீரக நோயாளர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில், காரணம் இன்னும் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோயோடு வாழும் கமக்காரக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் பலருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று கட்டுப்பாடு உண்டு. மருந்து கலந்த தண்ணீரும் அலசிக் குடித்த தண்ணீரும் அந்தக் கணக்குக்குள்ளேதான் வரும். ஆகவே அவர்களுக்குப் பெரிய ஷேக்கர் பொருந்தாது. 100 மில்லி, 150 மில்லி அளவில், பக்கத்தில் கோடு போட்ட, இறுக்கி மூடக்கூடிய சின்னக் குவளை நல்லது. எவ்வளவு தண்ணீரில் கலப்பது, அலச எவ்வளவு என்பதைக் கிளினிக்கில் கேட்டுக் கிளினிக் கொப்பியிலேயே எழுதிவிடுங்கள்.

பொற்றாசியத்தைக் குறைக்கும் பொடியை இளநீரிலோ தோடம்பழச் சாற்றிலோ கலக்கவே கூடாது. பஸ் நிற்கும் இடத்தில் இளநீர் கிடைக்கிறது, தண்ணீரைவிடச் சுத்தம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இளநீரிலேயே பொற்றாசியம் நிறைய இருக்கிறது. குறைக்க வேண்டியதையே ஊற்றிக் குடிப்பதாக ஆகிவிடும். அந்தப் பொடியைச் சுடுதண்ணியில் கலப்பதும் சரியில்லை. குடிக்கும்போது நிமிர்ந்து இருங்கள், அவசரப்படாதீர்கள். மணல் போன்ற அந்தத் துகள் மூச்சுக்குழாய்க்குள் போகக் கூடாது. பஸ் குலுங்கும்போது குடிப்பதைவிட, நெடுங்கேணியிலோ புளியங்குளத்திலோ நிற்கும்வரை பொறுத்துக் குடிப்பது நல்லது.

இன்னொன்று: கொலஸ்டிரமினும் பொற்றாசியத்தைக் குறைக்கும் பொடியும் வயிற்றுக்குள் மற்ற மருந்துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கொலஸ்டிரமின் எடுப்பவர் மற்றக் குளிசைகளை அதற்கு 1 மணித்தியாலம் முன்போ, 4 முதல் 6 மணித்தியாலம் பின்போ எடுப்பது வழக்கம். பொற்றாசியத்தைக் குறைக்கும் பொடிக்கு முன்னும் பின்னும் 3 மணித்தியால இடைவெளி சொல்வார்கள். பயண நாளில் எல்லாவற்றையும் ஒரே போத்தலில் ஒன்றாகக் கரைத்துக் கொண்டுபோவது சுலபமாகத் தெரிந்தாலும் செய்யாதீர்கள்.

ஜீவனி உப்புக் கரிக்கிறது, பிள்ளை துப்புகிறது

இதற்குத்தான் மிகக் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது.

சரியாகக் கரைத்த ஜீவனி கண்ணீரைவிட உப்பாக இருக்காது. அதைவிடக் கரித்தால் தண்ணீர் குறைந்திருக்கிறது, அல்லது விட்ட தண்ணீரே உவராக இருந்திருக்கிறது.

தண்ணீர் குறைவது பெரும்பாலும் போத்தலால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவைப்படி, 1 லீற்றருக்கான பைக்கற்றில் மொத்தம் 20.5 கிராம் பொடி: குளுக்கோஸ் 13.5, சோடியம் சிற்றேற்று 2.9, சோடியம் குளோரைட்டு 2.6, பொற்றாசியம் குளோரைட்டு 1.5. இதை 1 லீற்றரில் கரைத்தால் சோடியம் லீற்றருக்கு 75 மில்லிமோல் வரும். கடையில் கிடைக்கும் 500 மில்லித் தண்ணிப் போத்தலுக்குள் முழுப் பைக்கற்றையும் கொட்டினால் அது 150 ஆகிவிடும். உடலில் நீர் வற்றிக் கிடக்கும் பிள்ளைக்கு அது உதவி இல்லை, கெடுதல். இரத்தத்தில் உப்பு ஏறி, வலிப்பு வரைக்கும் கொண்டுபோகக்கூடியது.

"அப்ப பாதிப் பைக்கற்றைப் போட்டால் சரிதானே?" என்று கேட்பார்கள். சரியில்லை. பைக்கற்றுக்குள் இருப்பது நான்கு பொருட்களின் கலவை. கண்மட்டில் பாதி கொட்டினால் உப்பு எவ்வளவு விழுந்தது, குளுக்கோஸ் எவ்வளவு விழுந்தது என்று தெரியாது. மிஞ்சிய பாதி திறந்த பைக்கற்றுக்குள் ஈரம் இழுத்துக் கட்டியாகும்.

ஆகவே பயணத்துக்கு 1 லீற்றர்ப் போத்தல் ஒன்றை ஜீவனிக்கென்றே ஒதுக்குங்கள். கையில் 500 மில்லிப் போத்தல் இரண்டுதான் இருக்கிறது என்றால், இரண்டையும் நிறைத்து, சுத்தமான பெரிய ஏதனம் ஒன்றில் கொட்டி, அதில் முழுப் பைக்கற்றையும் கரைத்து, திரும்ப இரண்டு போத்தலிலும் நிறைக்கலாம். பொங்கல் நடக்கும் இடத்தில் ஒரு சுத்தமான பானைக்குப் பஞ்சம் வராது. 200 மில்லிக்கென்று தயாரித்த சின்னப் பைக்கற்றுகளும் இருக்கின்றன. ஒன்றுக்கு வாங்கிய போத்தலில் மற்றதைக் கரைத்தால் அளவு ஐந்து மடங்கு மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் பைக்கற்றில் எழுதியிருப்பதை வாசித்த பிறகே வெட்டுங்கள்.

போத்தலில் அளவு அச்சிடப்படாவிட்டால் பலசரக்குக் கடைத் தராசு உதவும். 1 லீற்றர் தண்ணீர் 1 கிலோ நிறை. வெறும் போத்தலைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, 1 கிலோ காட்டும்வரை தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தில் ரேப் ஒன்றைச் சுற்றி ஒட்டுங்கள். 150 மில்லி வேண்டுமென்றால் 150 கிராம். சின்ன அளவுகளுக்குப் பார்மசியில் வாங்கும் 10 மில்லிச் சிரிஞ்சாலும் எண்ணி விடலாம். சோடாப் போத்தலை வாய்வரை நிறைத்தால் அதில் எழுதிய அளவைவிடக் கூட வரும். எழுதிய அளவு கழுத்துக்குக் கீழேதான் நிற்கும்.

இனித் தண்ணீர். வன்னியின் கிணறுகள் எல்லாம் ஒன்றுபோல இல்லை. கரையோரத்திலும், சில இடங்களில் உள்ளேயும், கோடை முற்றும்போது கிணற்றுத் தண்ணீர் உவர்க்கத் தொடங்கும். நாக்குக்கு உவர் தெரிகிற தண்ணீரில் ஜீவனி கரைக்க வேண்டாம். உப்பின் மேல் உப்பு சேரும். கொதிக்க வைத்தாலும் உவர் போகாது. கிருமிதான் சாகும். அப்படியான ஊர்க்காரர் வடிகட்டிய குடிதண்ணீரையோ, மூடி உடைக்காத போத்தல் தண்ணீரையோ வைத்திருங்கள். சோடாவிலோ பழச்சாற்றிலோ பாலிலோ கரைப்பதும் கூடாது. சீனி கூட்டிப் போடுவதும் கூடாது.

கொடுக்கும் அளவு: வயிற்றாலை போகும் ஒவ்வொரு தடவைக்கும், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி. சத்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். இதற்காகவே ஜீவனிப் போத்தலோடு சின்னக் குவளையும் கரண்டியும் கட்டிவைக்கச் சொல்கிறேன். போத்தலை அப்படியே வாயில் வைத்தால் பிள்ளை மளமளவென்று குடித்துச் சத்தி எடுக்கும்; வாய் வைத்த போத்தலில் மிச்சமும் பழுதாகும். பிள்ளை சோர்ந்து எழும்பாமல் கிடந்தால், கண் உள்ளே போயிருந்தால், குடிக்க முடியாமல் போனால், மலத்தில் இரத்தம் கண்டால் கலந்துகொண்டிருக்காதீர்கள். கிட்டிய வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், அல்லது 1990 இலக்கத்துக்கு அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

களி மாதிரி இறுகிப் போத்தல் வாயில் அடைக்கிறது

இசப்கோல் வகை நார்ப் பொடிக்கு வரும் முறைப்பாடு இது. தண்ணீரைக் குடித்து ஊதுவதே அதன் தொழில். முதல் நாள் இரவே கரைத்து எடுத்துக்கொண்டு போனால் காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் விழாது. அது போத்தலுக்குள் இறுகினால் மருந்து வீண், அவ்வளவுதான். தொண்டைக்குள் இறுகினால் உயிர் ஆபத்து.

பைக்கற்றைத் திறக்காமல் கொண்டு போங்கள். குடிக்கும் இடத்தில் 150 மில்லித் தண்ணீரில் தூவி, ஒரு கலக்கு கலக்கி, உடனே குடியுங்கள். மேலால் இன்னொரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். மூடியே தேவையில்லை. அகல வாய்க் குவளையும் ஒரு கரண்டியும் போதும். உறிஞ்சு மூடிப் போத்தல் இதற்கு அறவே ஆகாது. விழுங்கச் சிரமப்படும் வயதானவருக்கும், பாரிசவாதம் வந்தவருக்கும் இந்தப் பொடியை டொக்டரிடம் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். படுக்கப் போகும் நேரத்திலும் எடுக்க வேண்டாம்.

பைக்குள் ஒழுகுகிறது, மூடி தானாகத் திறக்கிறது

ஒழுகுகிற போத்தலின் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். ரப்பர் அல்லது சிலிக்கன் வளையம் இருக்க வேண்டும். கழுவும்போது கழன்று கானுக்குள் போயிருக்கும், அல்லது முறுக்கி இருக்கும், அல்லது வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். வாங்கும்போதே வளையம் கழற்றிப் போடக்கூடியதா என்று பாருங்கள். கழற்ற முடியாத வளையத்தின் அடியில் அழுக்கு சேரும். புதுப் போத்தலில் தண்ணீர் நிறைத்து, பேப்பர் மேல் கவிழ்த்து ஓர் இரவு விட்டு, காலையில் பேப்பர் காய்ந்திருந்தால் பைக்குள் வைக்கலாம். அமத்தித் திறக்கும் மூடிகளைவிடத் திருகு மூடிகளே எங்கள் ரோட்டுகளுக்குத் தாங்கும்.

மூடி தெறித்துத் திறக்கிறது என்றால் காரணம் வேறு. நெஞ்செரிவுக்கு எடுக்கும் நுரைக்கும் பொடிகளை மூடிய போத்தலில் போட்டுக் குலுக்கினால் உள்ளே காற்று அமுங்கி மூடியைத் தள்ளும். அவற்றைத் திறந்த குவளையில், பாதிக்கு மேல் நிறைக்காமல் கரைத்து, நுரை அடங்கிய பின் குடியுங்கள். கொதித்த தண்ணீரையும் மூடிக் குலுக்க வேண்டாம். ஆவியும் அதே வேலையைச் செய்யும், கை வெந்தும் போகும்.

பொடி ஈரமாகிக் கல்லாகிவிட்டது

மூன்று தட்டுப் போத்தல்கள் இருக்கின்றன: மேலே தண்ணீர், நடுவில் குளிசை, கீழே பொடி. மாரி காலத்தில் இவற்றை நம்ப முடியாது. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் இங்கே காற்றிலேயே ஈரம் நிற்கும். பொடித் தட்டைக் கழுவிச் சரியாகக் காயாமல் பொடியைப் போட்டால் கேட்கவே வேண்டாம். பைக்கற்றில் வரும் மருந்தைப் பைக்கற்றிலேயே விடுங்கள். அதைவிட நல்ல தட்டை யாரும் செய்யவில்லை. டப்பாவில் வரும் மருந்தானால் அன்றைய வேளைக்கு மட்டும், நன்றாகக் காய்ந்த சின்னத் திருகு டப்பாவில், மருந்தோடு வரும் அளவுக் கரண்டியால் எடுத்து வையுங்கள். வெளியே மருந்தின் பெயர், வேளை, ஆளின் பெயர் எழுதுங்கள். வெள்ளைப் பொடிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நிறம் மாறிய, பிசுபிசுத்த, கரையாமல் கட்டியான பொடியை வீசுங்கள்.

மணம் போகவில்லை, உள்ளே வெள்ளைப் படை

வெள்ளைப் படை பெரும்பாலும் மருந்து அல்ல. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் கல்சியம். கேத்தலின் அடியில் பிடிப்பதும் இதுதான். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ தண்ணீரில் கலந்து கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவினால் போகும். மணல் மாதிரி உரசும் பொருட்களால் பிளாஸ்டிக்கைத் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்தால் அதற்குள் கிருமி குடியிருக்கும்.

மணம் பிளாஸ்டிக்கின் குணம். போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 1 என்றிருந்தால் அது சோடா, தண்ணீர் விற்கும் மெல்லிய போத்தல். சுடுதண்ணி விட்டால் சுருங்கிவிடும், ஆகவே சரியாகக் கழுவ முடியாது. அவசரத்துக்கு ஒரு தடவை பாவிக்கலாம், நாளாந்தப் பாவனைக்கு ஆகாது. 5 என்றிருப்பது சூடு தாங்கும் வகை; சுடுதண்ணியும் சோப்பும் போட்டுத் தேய்க்கலாம். மருந்துக்கென்று வாங்கினால் 5 பார்த்து வாங்குங்கள். கை விரல்கள் அடிவரை போகும் அளவுக்கு வாய் இருக்கட்டும். கழுவிய பின் மூடியைப் போடாமல் கவிழ்த்துக் காய விடுங்கள். மூடிவைத்த ஈரப் போத்தல்தான் மணக்கும்.

செம்பு, பித்தளை, பூச்சில்லாத அலுமினியம் ஆகியவற்றில் ஜீவனியையோ புளிப்பான பொடிகளையோ கலக்க வேண்டாம். உப்பும் புளிப்பும் உலோகத்தை அரித்து மருந்துக்குள் கொண்டுவரும்.

சூரணங்களுக்கு ஷேக்கரே வேண்டாம். சித்த வைத்தியர் தேனிலோ நெய்யிலோ குழைத்துச் சாப்பிடச் சொல்லியிருப்பார். மூடியுள்ள சின்ன ஸ்டீல் கிண்ணமும் கரண்டியும் எடுத்துப் போய், அந்த இடத்தில் குழைத்து, கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுங்கள்.

கலந்த மருந்து வெயிலில் கிடந்துவிட்டது

கரைத்த ஜீவனி 24 மணித்தியாலம். அதற்குப் பிறகு மிச்சம் எவ்வளவு இருந்தாலும் ஊற்றிவிட வேண்டும். நிழலில், மூடி வைத்திருந்தால் அந்தக் கணக்கு. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளோ உழவு இயந்திரத்தின் முன்பக்கத்திலோ பகல் முழுக்கக் கிடந்ததைக் குடிக்கத் தராமல் புதிதாகக் கரைப்பேன். வயிற்றுக்கு நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய பொடிகளைச் சுடுதண்ணியில் கலந்தால் அவை செத்துவிடும். சூடு இல்லாத தண்ணீரில், குடிக்கும் நேரத்தில் மட்டும் கலக்க வேண்டும்.

பிள்ளைகளின் அன்ரிபயோற்றிக் பாணிகள் பொடியாக ஒரு போத்தலில் வரும். அதற்கு வேறு ஏதனம் தேடவே கூடாது. முதலில் போத்தலைத் தட்டிப் பொடியை இளக்கி, கொதித்தாறிய நீரை அந்தப் போத்தலின் கோடுவரை இரண்டு தடவையாக விட்டுக் குலுக்க வேண்டும். கோட்டுக்கு மேலே போனால் மருந்து ஐதாகும், கீழே நின்றால் கடுமையாகும். வெளிக்கிடும் நேரத்தில் அவசரமாகக் கலக்காமல், முடிந்தால் பார்மசியிலேயே கலந்து தரச் சொல்லுங்கள். அமொக்சிசிலினோடு கிளவுலனிக் அமிலம் சேர்ந்த பாணியை, கலந்த பின் 2 முதல் 8 பாகை குளிரில் வைத்து 7 நாளுக்குள் முடிக்க வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீடானால் அதை மருந்து எழுதும்போதே டொக்டருக்குச் சொல்லுங்கள். வேறு மருந்து எழுத வழி இருக்கும். பயணத்தில் வாய் அகலமான பிளாஸ்கில் ஐஸைப் பொலித்தீன் பையில் கட்டிப் போட்டு, மருந்துப் போத்தலைத் துணியில் சுற்றி வையுங்கள். ஐஸ் நேரே பட்டு மருந்து உறையக் கூடாது. ஒவ்வொரு வேளையும் குலுக்கிய பிறகே அளந்து கொடுங்கள்.

வேறு யாரோ எடுத்துக் குடித்துவிட்டார்கள்

சோடாப் போத்தலில் கலந்த மருந்து சோடா மாதிரியே தெரியும். தாகத்தோடு ஓடி வரும் பிள்ளை எழுத்தை வாசிக்காது. மருந்துப் போத்தல் வீட்டில் இருக்கும் எந்தத் தண்ணிப் போத்தலைப் போலவும் இருக்கக் கூடாது: வேறு நிறம், வேறு வடிவம், மூடியைச் சுற்றிச் சிவப்பு ரேப். தோளில் மாட்டும் பையில் அது தனி அறையில் இருக்கட்டும். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வைத்தியசாலைக்குப் போகும்போது போத்தலையும் பைக்கற்றையும் கையோடு கொண்டு போங்கள். என்ன, எவ்வளவு என்று அங்கே முதலில் கேட்பார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. வயலுக்கு அடிக்கும் எண்ணெய் (பூச்சிமருந்து) வந்த போத்தல், மண்ணெண்ணெய் வைத்த போத்தல், பெயின்ற் கரைத்த போத்தல் எதுவும், எத்தனை தடவை கழுவினாலும், மருந்துக்கோ தண்ணீருக்கோ திரும்பி வரக் கூடாது. அவற்றை வெறுமையானவுடனேயே துளைத்து, ஒருவரும் எடுத்துப் பாவிக்க முடியாதபடி ஆக்கிவிடுங்கள். வாடியிலோ வயல் கொட்டிலிலோ தண்ணிப் போத்தலையும் எண்ணெய்ப் போத்தலையும் ஒரே மூலையில் வைக்கும் வழக்கம் இருந்தால், இன்றைக்கே தண்ணீரையும் மருந்தையும் எட்டத்தில், உயரத்தில் ஓர் ஆணி அடித்துத் தொங்க விடுங்கள்.